டடடாங் அண்ணன் தேடிய லைப்ரரி மியூசிக்

அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக் கல்லைவிடக் கெட்டியான பொருள் எது என்று கேட்டால், டடடாங் அண்ணனின் பிடிவாதம் என்றுதான் நான் சொல்வேன். சுண்ணாம்புக் கல்லையாவது வெடி வைத்து உடைத்துவிடலாம். அண்ணனை உடைக்கிற வெடி அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

அண்ணன் மைக் செட்காரர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுவானாலும் சைக்கிள் கேரியரில் ஆம்ப்ளிஃபயரையும் ஹேண்டில்பாரில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களையும் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். அவருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் "இல்லை" என்று சொன்னதே இல்லை. ஒருமுறை ஒரு மாப்பிள்ளை, தாலி கட்டுகிற நேரமாகப் பார்த்து ஏதோ பழைய பாட்டைக் கேட்டுவிட்டார். "பத்து நிமிஷம் இருங்க" என்று கிளம்பிய அண்ணன், ஜெயங்கொண்டம் வரை சைக்கிள் மிதித்து ரெக்கார்டோடு திரும்பியபோது, மாப்பிள்ளை மறுவீட்டுக்கே போய்விட்டார். அண்ணன் விடுவாரா? மறுவீட்டு வாசலில் செட்டைக் கட்டி அந்தப் பாட்டைப் போட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

நான் அப்போது அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எண்பதுகளின் பின்பாதி. எங்கள் தெருவில் டிவி இருந்த ஒரே வீடு எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமையானால் தெருவே எங்கள் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் வரும். முதுகில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு ஒருவன் பறப்பான், கெட்டவர்களை உதைப்பான். பாஷை யாருக்கும் புரியாது. எங்கள் தெரு அவனுக்குப் போர்வைக்காரன் என்று பெயர் வைத்திருந்தது.

எல்லோரும் போர்வைக்காரனைப் பார்க்க, அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"என்னண்ணே, தூக்கமா?"

"தூக்கமா? நல்லாக் கேட்ட போ! பறக்கறவன எல்லாரும் பாக்கறீங்க. பின்னாடி ஒருத்தன் உசுரக் குடுத்து வாசிக்கிறானே, அவன யாரு கேக்கறது தங்கச்சி?"

வில்லன் வருகிறபோது ஒலிக்கும் இசைக்கு அவர் வைத்த பெயர் "டடடாங்". துரத்துகிற இசை "டுர்ரக்கு டுர்ரக்கு". கடைசியில், எல்லோரையும் காப்பாற்றிய போர்வைக்காரன், ஒரு நன்றியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் பறந்து போவான். போகிற வழியில் ஒரே ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். அப்போது நாற்பது விநாடிக்கு ஒரு வயலின் வரும். அது "ஊ…ஈஈ". வாரம் முழுக்க இவற்றை வாயாலேயே வாசித்துக்கொண்டு சைக்கிளில் போவார். டடடாங் என்ற பெயர் அப்படி ஒட்டியதுதான். மகள் கல்யாணப் பத்திரிகையில் அவருடைய நிஜப் பெயரை அச்சடித்தபோது, "யாருக்கா இவரு? நம்ம ஊரா?" என்று போஸ்ட்மேன் என்னிடம் வந்து கேட்டார்.

அந்தக் கல்யாணத்தில்தான் சிக்கலே.

அண்ணனுக்கு ஒரே மகள், மலர். அவளுக்கு மூன்று வயது இருக்கும்போதே தாய் தவறிவிட்டாள். அதன் பிறகு அவளுக்கு எல்லாம் அப்பாவும் மைக் செட்டும்தான். ஊரார் கல்யாணங்களில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தே வளர்ந்த பெண். எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிற பையன் அமைந்தான். தையில் கல்யாணம். என்ன பாட்டு வேண்டும் என்று அண்ணன் ரெக்கார்டுகளை அடுக்கிக் காட்ட, மலர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாள்.

"ஊர்ல எல்லாக் கல்யாணத்துக்கும் போட்ட பாட்டு எனக்கு வேணாம்ப்பா. கேட்டுக் கேட்டுக் காது காச்சுப் போச்சு. நான் கெளம்பறப்ப, போர்வைக்காரன் திரும்பிப் பாக்கறப்ப வருதே, அதப் போடு. அது போதும்."

ஊரில் ஒருத்தருக்கும் "இல்லை" சொல்லாதவர், பெற்ற மகளுக்கா சொல்வார்? "போட்டுட்டாப் போச்சு" என்றார். சொன்னபோது ஆவணி. கையில் இருந்தது ஐந்தே மாதம்.

முதலில் டெல்லியில் இருக்கிற டிவி நிலையத்துக்கு ஒரு கடிதம். என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் கிளார்க். இங்கிலீஷில் அவர்தான் எழுதிக் கொடுத்தார். ஒன்றரை மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"அந்த இசை லைப்ரரி மியூசிக்னு போட்டிருக்கான் மச்சான்."

"அப்படின்னா?"

"லைப்ரரின்னா நூலகம். மியூசிக்னா இசை. நூலகத்துல இருக்கற இசை. இதுல என்ன சந்தேகம்?"

என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் என்பதே வராது. அதுதான் அவரிடம் உள்ள கோளாறு.

மறுநாள் காலையில் அண்ணன் அரியலூர் கிளை நூலக வாசலில் நின்றார். அங்கே இல்லை என்றதும் உடையார்பாளையம். அங்கேயும் இல்லை என்றதும் பஸ் பிடித்துப் பெரம்பலூர். பெரம்பலூர் நூலகர் தங்கமான மனிதர். இவர் கேட்டதைப் பொறுமையாகக் கேட்டு, இசை என்ற தலைப்பில் இருந்த புத்தகங்களையெல்லாம் எடுத்து மேஜையில் வைத்தார். அண்ணன் ஒவ்வொன்றாக விரித்து, பக்கத்துக்குப் பக்கம் காதை வைத்துப் பார்க்காத குறைதான்.

"சார், நான் தேடறது இப்படி இருக்கும்" என்று சொல்லிவிட்டு, "சத்தம் போடாதீர்கள்" என்று எழுதியிருந்த போர்டின் அடியில் நின்று "ஊ…ஈஈ" என்று முழுசாக நாற்பது விநாடி பாடிக் காட்டியிருக்கிறார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

திரும்பி வந்து என்னிடம் புலம்பினார். "சத்தமே போடக்கூடாதுன்னு எழுதிப்போட்ட எடத்துல மியூசிக்க எப்படித் தங்கச்சி வச்சிருப்பானுங்க? அதுதான் எனக்குப் பிடிபடல." ஆனாலும் உறுப்பினராகச் சேர்ந்து மூன்று புத்தகம் எடுத்து வந்திருந்தார். அந்த நல்ல மனிதரை வெறுங்கையோடு விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லையாம்.

குட்டு உடைந்தது ரெட்டிபாளையத்தில். அங்கே சிமென்ட் ஆலைத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பைப் பற்றி ஒரு படம் காட்டினார்கள். அண்ணனுடைய மைக் செட். திரையில் ஒருவன் ஹெல்மெட் போடாமல் ஏணியில் ஏறுகிறான். ஒவ்வொரு படியாக ஏறுகிறான். சட்டென்று பின்னணியில், டடடாங்!

அண்ணன் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார். கையில் மைக் இருப்பதும் மறந்துபோய் அதிலேயே கத்தினார்.

"அய்யய்யோ! வில்லன் வரான்! போர்வைக்காரனோட வில்லன் வரான்!"

கூட்டம் சிரித்த சிரிப்பில், ஏணியிலிருந்தவன் விழுந்ததை யாருமே கவனிக்கவில்லை. ஒழுங்காக விழுந்தவனை மறுபடி ஏற்றி, மறுபடி விழ வைத்துக் காட்ட வேண்டியதாயிற்று. பாதுகாப்பு அதிகாரி முதலில் எகிறினார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"யோவ், லைப்ரரி மியூசிக்னா புத்தகம் இருக்கற லைப்ரரி இல்லய்யா. ரெடிமேட் சட்டை மாதிரி. எவனோ எங்கியோ முன்கூட்டியே வாசிச்சுப் பதிஞ்சு அடுக்கி வச்சிருப்பான். பயத்துக்கு ஒண்ணு, சண்டைக்கு ஒண்ணு. கார்ட்டூன்காரனும் வாங்குவான், எங்க படக்காரனும் வாங்குவான். அளவு சரியா இருந்தா எடுத்து மாட்டிக்க வேண்டியதுதான்."

அண்ணன் நேரே வீட்டுக்கு வரவில்லை. பெரம்பலூருக்குப் போய் நூலகரைப் பார்த்து, "நீங்க இனிமே தேட வேணாங்க சார்" என்று சொல்லி, புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றையும் படித்தும் முடித்திருந்தார்.

இப்படிப்பட்ட ரெக்கார்டுகள் உள்ள ஒரு மெட்ராஸ் ஒலிப்பதிவுக் கூடத்தின் நம்பரை அந்த அதிகாரி கொடுத்திருந்தார். அண்ணன் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து டிரங்க் கால் புக் செய்தார். திருச்சி வழியாக லைன் போட்டுக் கொடுத்தேன். மூன்று நிமிஷம்தான் பேசலாம். வணக்கம் சொன்ன கையோடு அண்ணன் "ஊ…ஈஈ" என்று ஆரம்பித்துவிட்டார்.

நடுவில் திருச்சி ஆபரேட்டர் என்னிடம் பதறினாள். "ஏம்மா அரியலூர், லைன்ல என்ன நரி ஊளையிடுது?"

"நரி இல்லம்மா, எங்க அண்ணன். சித்த இரு."

மெட்ராஸ்காரர் பொறுமைசாலி. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார். "சார், இந்த மாதிரி இங்க அலமாரி அலமாரியா இருக்கு. எதுக்கும் பேர் கிடையாது. சோகம் ஒண்ணு, சோகம் ரெண்டு, சோகம் மூணுன்னு நம்பர்தான். உங்களுக்கு எந்தச் சோகம் வேணும்?"

அண்ணன் குரல் இறங்கிச் சொன்னார்.

"பொண்ணு புகுந்த வூட்டுக்குப் போற சோகங்க."

மெட்ராஸ்காரர், "அது எந்த நம்பர்னு தெரியலீங்களே சார்" என்றார். அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது.

வெளியே வந்த அண்ணன் என்னிடம் கேட்டது இதுதான்: "இவ்வளவு நல்லா வாசிச்சவனுக்குப் பேரே இல்லியா தங்கச்சி? நம்பர்தானா?"

மார்கழி பாதி ஓடிவிட்டது. ஒரே வழிதான் பாக்கி. டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து நேராகப் பதிந்துகொள்வது. முதல் ஞாயிறு கரண்ட் போனது. இரண்டாவது ஞாயிறு கார்ட்டூனுக்குப் பதிலாகக் கிரிக்கெட் போட்டார்கள். அண்ணன் அன்றைக்குக் கிரிக்கெட்டைத் திட்டியதை நான் எழுத முடியாது. மூன்றாவது ஞாயிறுதான் கல்யாணத்துக்கு முந்தைய கடைசி ஞாயிறு.

அன்று எங்கள் வீட்டில் ஊரடங்குச் சட்டம். ஃபேன் நின்றது. சுவர்க் கடிகாரம் நின்றது. பக்கத்து வீட்டு மாட்டை வேறு தெருவில் கொண்டுபோய்க் கட்டினார்கள். என் வீட்டுக்காரரைத் தொண்டை செருமக் கூடாது என்று சொல்லி, வாயில் துண்டை வைத்து உட்கார வைத்தார்கள். பதினைந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். போர்வைக்காரன் எல்லோரையும் காப்பாற்றினான். கிளம்பினான். வயலின் ஆரம்பித்தது. அண்ணன் கண்ணை மூடினார். போர்வைக்காரன் திரும்பிப் பார்க்கிற அந்த விநாடி…

உஸ்ஸ்ஸ்ஸ்!

அடுப்பில் நான் குக்கர் வைத்திருந்தேன். பாவி, மறந்தே போனேன். அதோடாவது சும்மா இருந்தேனா? என்னையும் அறியாமல், "ஐயோ, பருப்பு!" என்று கத்திவிட்டேன்.

"ஷ்ஷ்!" என்றார் அண்ணன்.

எல்லாமே பதிந்துவிட்டது. அந்தத் தொடர் அத்தோடு முடிகிறது, அடுத்த வாரம் முதல் வேறு நிகழ்ச்சி என்று அறிவிப்பும் வந்தது. நான் அழுதுவிட்டேன். அண்ணன் டேப்பை ஒருமுறை ஓட்டிக் கேட்டார். கேசட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அழுவாத தங்கச்சி. பருப்பு அடிபிடிச்சிடுச்சா பாரு, போ" என்றார். என்னை ஒரு சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

அவர் பின்னாலேயே நானும் அவர் வீட்டுக்குப் போனேன். மலர் வாசலில் நின்றிருந்தாள். "மலரு, அந்தப் பாட்டு… வந்து… இ…" அந்த வார்த்தை பழக்கமில்லாததால் அவர் வாயில் வரவே இல்லை. மலர் அவர் சட்டைப் பையிலிருந்து கேசட்டை உருவிப் போட்டுக் கேட்டாள். குக்கர் கத்தியது. நான் கத்தினேன். அண்ணன் அதட்டினார். மலர் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதான்ப்பா வேணும். அழிச்சுக் கிழிச்சுப்புடாத."

கல்யாணத்தன்று வேன் கிளம்பும்போது, இரண்டு குழாய் ஸ்பீக்கரிலும் "ஊ…ஈஈ" ஒலித்தது. எறையூர்க்காரர் ஒருவர், "இது எந்தப் படமுங்க?" என்று கேட்க, "படம் இல்லீங்க சம்பந்தி, லைப்ரரி மியூசிக்" என்றார் அண்ணன், நெஞ்சை நிமிர்த்தி. வேன் நகர்ந்தது. மலர் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அண்ணன் நிமிரவில்லை. குனிந்த தலையோடு வால்யூமைத் திருகிக்கொண்டிருந்தார். வேன் தள்ளிப் போகப் போக, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தார். நாற்பது விநாடி முடிந்ததும் திரும்ப ஓட்டி மறுபடி போட்டார். அன்றைக்கு என் "ஐயோ, பருப்பு!" அரியலூர் முழுக்க ஏழு தடவை கேட்டது. அதற்கப்புறம் எவ்வளவோ காலம், டிரங்க் கால் கேட்கிறவர்கள்கூட, "பருப்பு அக்காவா பேசறது?" என்றுதான் ஆரம்பித்தார்கள்.

அண்ணன் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தக் கேசட்டும் பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டது. போன மாதம் என் மகனிடம் இந்தக் கதையைச் சொல்லி, அந்த மெட்டையும் பாடிக் காட்டினேன். போனில் எதையெதையோ தட்டினான். காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டான். அதே வயலின், பளிங்கு மாதிரி சுத்தமாக. வாசித்தவரின் பெயரும் இருந்தது. ஏதோ வெளிநாட்டுப் பெயர், என் வாயில் நுழையவில்லை. பெயர் இருக்கிறது அண்ணே என்று சொல்லத்தான் அண்ணன் இல்லை.

எறையூருக்குப் போன் போட்டு மலருக்குப் போட்டுக் காட்டினேன். அவளுக்கும் இப்போது பேரன் இருக்கிறான். முழுசாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு அத்தை. ஆனா அப்பாதான் இல்ல."

மறுபடியும் ஆரம்பத்திலிருந்து போட்டேன். வயலின் எழுந்தது. போர்வைக்காரன் திரும்பிப் பார்க்கிற அந்த இடம் வந்ததும், இந்த வயதில், கூடத்தின் நடுவில் நின்று, "ஐயோ, பருப்பு!" என்று கத்தினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து, அச்சு அசல் அண்ணன் குரலில், மலர் சொன்னாள்:

"ஷ்ஷ்!"