பந்திங் மறியலும் மிளகு ரசமும்

முகநூலில் இனி ஒரு வரியும் எழுதமாட்டேன் என்று உறுதி எடுத்தேன். எழுதக்கூடாததையெல்லாம் எழுதி முடித்த பிறகு.

நான் பக்கிரிசாமி, பிரிக்பீல்ட்ஸ்வாசி. தோட்டத் தொழிலாளர்களுக்காக முப்பது வருடம் துண்டறிக்கை எழுதியவன். நான் படித்ததும் துண்டறிக்கைகளில்தான். எங்கள் இயக்கத்தில் ஒரு வழக்கம். முப்பது பேர் வந்தால் முந்நூறு என்று எழுதுவோம். போலீஸ் மூன்று என்று எழுதும். படிக்கிறவர்கள் தாங்களே சரிசெய்துகொள்வார்கள்.

நீதிமன்றம் சரிசெய்துகொள்வதில்லை.

மனைவி அமுதவள்ளி என்னைப் பிரிந்து, மகளோடு கிள்ளானுக்குப் போய் ஆறு மாதம். அங்கே ஒரு மருத்துவமனையில் தாதி. விவாகரத்து வழக்கில் மிச்சமிருந்தது ஒரே கேள்வி: எங்கள் பதினொரு வயது மகள் மலர் யாரோடு இருப்பாள்? அதுவரை தினமும் மாலையில் அவளுக்குச் சமைத்துப்போட்டு, பாடம் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று சத்தியம் செய்து எழுதிக்கொடுத்தேன். அது உண்மை. பதிலுக்கு அமுதவள்ளி என் முகநூல் பதிவுகளில் நாற்பத்தொன்றை அச்செடுத்துத் தாக்கல் செய்தாள்.

என் வழக்கறிஞர் விமலன் ஒன்றை எடுத்து வாசித்தார்.

“‘பந்திங் தோட்டத்து மறியலில் மூன்றாவது இரவு. வீட்டை மறந்தேன், பிள்ளையை மறந்தேன்.’ இது நீங்கதானே அங்கிள்?”

“கூட்டம் மத்தியானமே கலைஞ்சுபோச்சு தம்பி. ஆறு மணிக்கு நான் வீட்டுல மிளகு ரசம் வச்சுக்கிட்டிருந்தேன்.”

“அப்ப மூணாவது ராத்திரி?”

“ஒரு ராத்திரியும் கிடையாது. எல்லாத்தையும் அழிச்சிடட்டுமா?”

“அழிச்சா இன்னும் மோசம் லா. மறைக்கிறார்னு சொல்வாங்க.”

முப்பது வருடம் போலீஸ் தேடியும் என்மேல் கிடைக்காத ஆதாரம். அமுதவள்ளி கைப்பேசியில் ஒரே மத்தியானத்தில் சேர்த்துவிட்டாள். யோசித்துப் பார்த்தேன். அரைநாள் மறியலை மூன்று ராத்திரியாக எழுதிய கை, ரசத்தை ஒரு தடவைகூட எழுதவில்லை. வெட்கம். அந்த வெட்கம்தான் இப்போது எதிர்த்தரப்புச் சாட்சியாக நிற்கிறது.

நீதிமன்ற வராந்தாவில் அவளைப் பிடித்தேன்.

“வள்ளி, அன்னிக்கு நான் வீட்டுலதான் இருந்தேன்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும். ரசத்துல உப்பு ஜாஸ்தி.”

“அதை ஜட்ஜ்கிட்ட சொல்லேன்.”

“எழுதினது நீங்க. மாத்தியும் நீங்களே எழுதுங்க. எழுதினா, பள்ளிக்கூட நாள்ல மலர் உங்ககூட இருக்கட்டும்னு கையெழுத்துப் போடுறேன்.”

“என்னன்னு எழுதறது?”

“மறியல் பொய், ரசம் நிஜம்னு. உங்க தோழருங்க பாக்குற அதே முகநூல்ல.”

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். லாக்கப்பில்கூட வாக்குமூலம் கொடுக்காதவன் நான். மலரை நினைத்துக்கொண்டு எழுதினேன். அமுதவள்ளி கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தாள். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். பையை மாட்டிக்கொண்டாள்.

“நாலு மணிக்கு மலரைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூப்பிட்டுக்குங்க. போன வாரமே எனக்கு மத்தியான ஷிஃப்ட் போட்டுட்டாங்க. வீடு திரும்ப ராத்திரி பத்தாகும். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?”

அன்று மாலை ரசம் கொதிக்கும்போது கைப்பேசியைப் பார்த்தேன். என் வாக்குமூலத்துக்கு முந்நூறு லைக். வாழ்நாளில் நான் கூட்டிச் சொல்லாத முதல் முந்நூறு.