மாப்பிள்ளைக்கென்று முன்கூட்டியே வாங்கி வைத்த டெல்வோரா

சிட்லபாக்கம்,
மார்கழி, ஞாயிறு காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஜெயகிருஷ்ணன் அவர்கள் சமூகத்துக்கு,

சுந்தரராமன் பணிவான நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் நானும் காமுவும் நலம். காமுவின் இடது முழங்காலை மட்டும் இந்த வாக்கியத்திலிருந்து விலக்கிப் படிக்கவும். கீழ்க்கட்டளையில் தாங்களும், தங்கள் துணைவியாரும், மாப்பிள்ளை கிரீஷும், எங்கள் பெண்ணாக இருந்து தங்கள் பெண்ணாகிவிட்ட விஷ்ணுப்ரியாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அறிவேன் என்று எழுதாமல் நம்புகிறேன் என்று எழுதுவதற்குக் காரணம், தீபாவளிக்குப் பிறகு அதற்கான ஆதாரம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை என்பதே.

ஆட்டோவில் வந்துவிடக்கூடிய தூரத்துக்குத் தபாலில் கடிதம் எதற்கு என்று தாங்கள் வினவலாம். நேரில் வந்தால் தங்கள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிடுவேன். போனில் சொல்லலாம் என்றால், விஷயமே போனைப் பற்றியது. தலை தீபாவளியன்று நான் மாப்பிள்ளைக்கு அளித்த டெல்வோரா போனால் (இனி ‘மேற்படி போன்’) தங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த மனவருத்தம் குறித்து விளக்கமளித்து, பொங்கலுக்காவது குழந்தைகள் இருவரையும் இங்கே அனுப்பிவைக்க வேண்டுவதே இக்கடிதத்தின் நோக்கம்.

மனவருத்தம் என்பது என் கற்பனையன்று. சந்தர்ப்ப சாட்சியங்கள் உள்ளன. காமு எப்போது அழைத்தாலும் தங்கள் துணைவியார் பேசுவதில்லை. விஷ்ணுப்ரியாதான் எடுத்து, அவா இப்போ பேசறதில்லம்மா என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறாள். நான் தினமும் அனுப்பும் காலை வணக்கத்துக்கு முன்பெல்லாம் தாமரை, உதயசூரியன், ஒரு நல்வாக்கு எனப் பதில் அனுப்பி வந்த தாங்கள், இப்போது கூப்பிய கைகளை மட்டும் அனுப்புகிறீர்கள். கார்த்திகைக்குக் குழந்தைகள் வருவார்கள் என்று காமு செய்து வைத்த பொரி உருண்டையை நாங்கள் இருவருமே பல்லுக்குப் பயந்து பயந்து தின்று தீர்த்தோம். இவற்றுக்கெல்லாம் மேலாக, விஷ்ணுப்ரியா என்னிடம் பேசும்போது காற்று இரைகிறது. விசாரித்ததில் மொட்டை மாடியிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். பெற்ற தகப்பனோடு பேச ஒரு பெண் மாடி ஏறவேண்டியிருக்கிறது என்றால் கீழே வீட்டில் அவள் நிலைமை என்ன என்பதை ஊகிக்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. நான் படித்தும் இருக்கிறேன். ஆகவே எனக்குத் தூக்கம் வருவதில்லை.

டெல்வோராவின் உச்சகாலத்தைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாதி திரை, பாதி பொத்தான்கள். மிளகளவுப் பொத்தான்களை இரு கட்டைவிரல்களாலும் தட்டவேண்டும். மெயில் வந்தால் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். எங்கள் வங்கியில் முதலில் பொது மேலாளருக்கு மட்டும் ஒன்று கொடுத்தார்கள். அவர் கூட்டங்களில் கைகளை மேசைக்கடியில் வைத்துத் தலைகுனிந்து இருந்ததைப் பார்த்து, சட்டப் பிரிவில் நாங்கள் அவர் ஜபம் செய்கிறார் என்றே வெகுநாள் கருதி வந்தோம். பிறகு தாம்பரத்தில் மின்சார ரயிலின் முதல் வகுப்பில் ஏறுகிறவர்களெல்லாம் கடற்கரை நிலையம் வரை அதே கோலத்தில் உட்காரத் தொடங்கினார்கள். கல்யாணத் தரகர் சுப்பராயலு வரன் சொல்ல வரும்போது, பையன் டெல்வோரா வைத்திருக்கிறான் என்பார். அதற்குமேல் சம்பளம் கேட்பது அநாகரிகம். மேற்குத் தாம்பரத்தில் அந்த நிறுவனத்தின் காட்சியறை திறந்தபோது கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு வணக்கம் சொல்வதற்கென்றே ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். செருப்பை வெளியே விடவேண்டுமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் நான் உள்ளே போனேன்.

அப்போது விஷ்ணுப்ரியா பத்தாம் வகுப்பு. பெண்ணைப் பெற்றவள் என்ற முறையில் காமு ஏற்கெனவே எவர்சில்வர் அண்டா, பித்தளை அடுக்கு, வெள்ளிச் சிமிழ் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பரணிலும் பீரோவிலும் சேர்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணச் சாமான்களை முன்கூட்டியே சேர்ப்பது விவேகம் என்றால், மாப்பிள்ளைக்குச் செய்யவேண்டியதை முன்கூட்டியே வாங்குவதும் விவேகமே என்பது என் வாதம். விலை ஏறுவதற்குள் உயர்ந்த ரகத்தில் ஒன்றை எடுத்துவிடத் தீர்மானித்தேன். காட்சியறைப் பெண், “யாருக்கு சார்?” என்று கேட்டாள். மாப்பிள்ளைக்கு என்றேன். “அவருக்கு என்ன கலர் பிடிக்கும் சார்?” என்றாள். அது இன்னும் தெரியவரவில்லை, அவரே யார் என்று தெரியவரவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவள் மேலாளரைக் கூப்பிட்டாள்.

கறுப்பு நிறத்தில் வாங்கி, முத்திரை பிரிக்காமல், காமுவின் கூறைப் புடவைக்கும் அந்துருண்டைப் பொட்டலத்துக்கும் நடுவே பீரோவில் வைத்தேன். ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு எடுத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, மறுநாள் மீண்டும் உள்ளே வைத்துவிடுவது வழக்கம். பெட்டியின் மேல் மஞ்சளாக ஒரு படலம் இருந்ததற்கு இதுவே காரணம். அது வேறொருவர் பயன்படுத்திய பொருள் என்பதற்கான அடையாளமன்று. இதைத் தங்கள் துணைவியாருக்குத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

இதற்கிடையே வெளியுலகில் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. திரையைத் தடவும் போன்கள் வந்தன. டெல்வோரா நிறுவனத் தலைவர், தடவுவது ஒரு மோகம், கொஞ்ச நாளில் ஜனங்கள் பொத்தானுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று பேட்டியளித்தார். நான் அதை நம்பினேன். பொது மேலாளர் தடவும் போனுக்கு மாறியபோது அவர் மீது பரிதாபப்பட்டேன். காட்சியறையில் முதலில் கதவு திறப்பவர் காணாமல் போனார். அப்புறம் கடையை நடுவில் பலகை வைத்து அடைத்து, ஒரு பக்கம் போனும் மறுபக்கம் சிக்கன் பக்கோடாவும் விற்றார்கள். அப்புறம் பக்கோடா மட்டும் இருந்தது. இப்போது அங்கே பல் டாக்டர். அந்தப் பெயரை நான் கடைசியாகப் பார்த்தது சென்ற ஆடி மாதம், தாம்பரம் நிலையத்துக்கு வெளியே நடைபாதைக் கடையில், கொசு பேட்டின் மீது. அதே எழுத்து, அதே சின்னம். கொசு மாட்டினால் உச்சியில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது.

பக்கத்து வீட்டு ஜெபராஜ், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், நல்ல மனிதர், அப்போதே எச்சரித்தார்: “அதை இப்பவே தள்ளிவிட்டுடுங்க சார். அண்டா நூறு வருஷம் அண்டாவா இருக்கும். போன் அப்படியில்ல.” நான் மறுத்துவிட்டேன். அது என் பொருளன்று. வருங்கால மாப்பிள்ளையின் பொருள். நான் அதன் பொறுப்பாளன் மட்டுமே. பயனாளி இன்னார் என்று தெரியாத நிலையில் அவர் சொத்தை விற்க எனக்கு என்ன அதிகாரம்?

பயனாளி யார் என்பது சென்ற வைகாசியில் தெரியவந்தது. தலை தீபாவளியன்று கங்கா ஸ்நானம் முடித்து, புது வேட்டியில் வந்து உட்கார்ந்த மாப்பிள்ளையிடம் மோதிரத்தோடு பெட்டியையும் தட்டில் வைத்து நீட்டினேன். முத்திரையை அவர் கையாலேயே பிரித்தார். மேற்படி போனின் முதுகு கூனியிருந்தது. மேசையில் வைத்தார், அது தானாக மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி என்னைப் பார்த்து நின்றது. விஷ்ணுப்ரியா மின்விசிறியைப் பார்த்தாள். காமு, மோதிரத்தோடு நிறுத்திக்கோங்கோன்னு அன்னிக்கே தலையால அடிச்சுண்டேன் என்று சமையலறையைப் பார்த்துச் சொன்னாள். மாப்பிள்ளை மட்டும் சற்று யோசித்து, “நல்லா இருக்கு மாமா. கைக்கு அடக்கமா இருக்கு” என்றார். தங்கள் வளர்ப்பு அது. நான்தான் சரிசெய்து தருவதாகச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஜெபராஜைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டில் போன் ரிப்பேர் செய்யும் துளசிங்கத்திடம் போனேன். அவர் அதைக் கையில் வாங்காமல் முறத்தில் வைக்கச் சொன்னார்.

“இன்னா சார் இது, பேட்டரி புள்ளத்தாச்சி மாரி கீது. இத்த எங்க வெச்சிகினு இருந்தே?”

பீரோவில், பட்டுப்புடவைக்கு நடுவே என்றேன்.

“வூடு தப்பிச்சிது, போ.”

பம்மலில் எங்கிருந்தோ ஒரு பழைய பேட்டரி தருவித்துப் போட்டார். மேற்படி போன் உயிர்பெற்றது. சிவப்பு விளக்கு மினுக்கியது. வருக என்றது. பிறகு, தங்கள் கணக்கைத் தொடங்க எங்கள் நிறுவனத்தைத் தொடர்புகொள்கிறோம், காத்திருக்கவும் என்றது. காத்திருந்தோம். ஜெபராஜ் போய் மூன்று டீ வாங்கி வந்தார். கடைசியில் துளசிங்கம், “கம்பெனியே பூட்ச்சி சார். இதுக்கு அது தெர்ல, தேடிகினே கீது” என்றார். அன்று முதல் என் மேசைமேல் அது தேடிக்கொண்டேயிருக்கிறது.

இனி என் தரப்பு வாதம். பழையது என்பது வேறு, பயன்படுத்தப்பட்டது என்பது வேறு. மேற்படி போனை அதற்குமுன் எவரும் பயன்படுத்தவில்லை. இனியும் எவராலும் பயன்படுத்த முடியாது. அவ்வகையில் அதைவிடப் புதிய பொருள் இருக்கவே முடியாது என்று வாதிட இடமுண்டு. நேற்று இரவு வரை அப்படித்தான் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். காமு அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இத அனுப்பினேள்னா பொங்கலுக்கு மட்டுமில்ல, வளைகாப்புக்கும் அனுப்பமாட்டா” என்றாள். அந்தப் பக்கங்கள் இத்துடன் இணைக்கப்படவில்லை.

சம்பந்தி, உள்ளதைச் சொல்கிறேன். தப்பு என்னோடதுதான். யாருன்னே தெரியாத ஒரு பையனுக்கு இத்தனை வருஷம் பொட்டு வெச்சு வெச்சு எடுத்து வெச்சேன். வந்த பையன் தங்கமான பையன். அவன்கிட்ட ஒரு வார்த்தை, உனக்கு என்னடா வேணும்னு கேட்கத் தோணலை. கோபம் இருந்தா என்னைக் கூப்பிட்டுத் திட்டுங்கோ, வந்து நின்னு வாங்கிக்கறேன். குழந்தையைக் கீழ உட்கார்ந்து பேசச் சொல்லுங்கோ. பொங்கலுக்கு ரெண்டு பேரையும் அனுப்பி வையுங்கோ.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் நமஸ்காரங்கள். குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். அவர்கள் எல்லா நலனும் பெற்று, காலாவதியாகாத வாழ்வு வாழ்வார்களாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சுந்தரராமன்
(ஓய்வுபெற்ற சட்ட அலுவலர்)

சாட்சி: ஜெபராஜ், பக்கத்து வீடு.

பின்குறிப்பு: ஜெபராஜ் கையெழுத்திட்டுப் பேனாவை மூடும்போது விஷ்ணுப்ரியா போன் செய்தாள். தங்கள் வருத்தம் தீரக் கடிதம் எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். “ஐயோ அப்பா, இங்க யாருக்கும் எதுவுமே தெரியாது. அவர் மறுநாளே வேளச்சேரில புது போன் வாங்கிண்டு வந்து, மாமனார் போட்டதுன்னு தெரு பூரா காமிச்சாச்சு. நீங்க அதை ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டா என்ன பண்றதுன்னு பயந்துண்டுதான் கார்த்திகைக்கு வரலை” என்கிறாள். தங்கள் துணைவியாரைத் தொண்டை டாக்டர் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். தங்களுக்குக் கண் அறுவை முடிந்து கண்ணாடி வரவில்லையாம். கைக்கு முதலில் அகப்படுகிற படத்தை அனுப்புகிறீர்களாம். மாடியில்தான் டவர் கிடைக்கிறதாம்.

காமு இதைக் கிழித்துப் போடச் சொல்கிறாள். சாட்சிக் கையொப்பம் பெற்ற ஆவணத்தைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அனுப்புகிறேன். மேலே கண்ட பத்திகள் அனைத்தும் திரும்பப் பெறப்படுகின்றன. கண்ணாடி வந்த பிறகும் தாங்கள் அவற்றைப் படிக்க வேண்டியதில்லை. கிரீஷின் கையிலுள்ள புதிய போன், தலை தீபாவளிக்கு என்னால் வாங்கி அளிக்கப்பட்டதே ஆகும்; இது என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை முற்றிலும் உண்மை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். யாராவது கேட்டால் நான் பதில் சொல்லவேண்டியிருக்கும் என்பதால், அது என்ன கம்பெனி என்பதை மட்டும் உடனே தெரிவிக்கவும்.