அணையாத சர்வரும் நீல வயரும்

எங்கள் பிர்ச்மோர் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், அவசர அழைப்பு ஆபீசில் அன்று கேக் வெட்டினார்கள். பிறந்தநாள் யாருக்கு? சர்வருக்கு. ஆம்புலன்ஸ் கேட்டுக் கூப்பிடுகிறவரின் முகவரியைத் திரையில் காட்டும் அந்த யூனிக்ஸ் எந்திரத்தை இரண்டாயிரம் நாளாக ஒரு தடவைகூட அணைக்கவில்லையாம். அந்த எண்ணிக்கைக்கு வாசலில் ஒரு பலகை வேறு. மினசோட்டா பனியில் மூன்று கவுண்டி தாண்டி வந்த கம்ப்யூட்டர்காரர்கள் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஐந்தரை வருஷம் குளிக்காத ஆளோடு யாராவது படம் எடுத்துக்கொள்வார்களா? நாங்கள் எடுத்துக்கொண்டோம். கேக் வாங்கி வந்த வரவேற்பு மேசைக்காரன் நான்தான்.

இந்த மகிமைக்கெல்லாம் காரணம் வெண்டெல் ஸ்லேட்டன். ஓடுகிற எந்திரத்தை நிறுத்தாமலே அப்டேட் செய்துவிடும் சித்தர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எழுந்தருள்வார். சர்வர் மேல் ஒரு செம்புக் கம்பியை வைப்பார். கண்ணை மூடுவார். "மெஷின் மனசு இன்னிக்கு நல்லா இருக்கு" என்பார். சட்டைப் பையிலிருந்து பென் டிரைவ் ஒன்றை எடுத்துச் செருகுவார். இது வெறும் சாவி, அப்டேட்டெல்லாம் இன்டர்நெட்டிலிருந்து இறங்கும் என்பார். 'இறங்குகிறது, இறங்குகிறது' என்று பச்சை எழுத்து திரையில் கொட்டும். கடைசியில் 'எல்லாம் புதுசு' என்று வரும். நாங்கள் கைதட்டுவோம். அதற்கப்புறமும் எந்திரம் உறைந்து நின்றால்? அறையில் யாரோ சந்தேகப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்!

அழைப்பு மேசையில் இருக்கும் ரோக்ஸான் கேக்கைத் தொடவில்லை. போன மாதம் ஒரு கிழவர், மனைவி மூச்சுவிடவில்லை என்று போனில் அலறினார். அதே நொடியில் திரை உறைந்தது. அழுகிற மனிதரிடம் ரோடு பேரை மூன்று தடவை கேட்டுப் பென்சிலால் எழுதினாள். ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிஷம் தாமதம். அந்த அம்மாள் பிழைத்துவிட்டார், பேச்சு மட்டும் திரும்பவில்லை.

அவள் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் லைலிடம் வந்தாள்.

"லைல், எனக்கு ஒரு சந்தேகம்."

"ஐயையோ, அந்த வார்த்தைய இங்க சொல்லித் தொலைக்காத!"

"அப்டேட்டெல்லாம் மெஷினுக்குள்ள எது வழியா வருது?"

"நீல வயர், அதுதான் இன்டர்நெட். மஞ்சள் வயர்ல போன் கால். ஏன் கேக்குற?"

"சும்மாதான். நீ கேக் சாப்பிடு."

சொல்லிவிட்டு எங்கோ போய்விட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் வெண்டெல் பூசையை ஆரம்பித்தார். கம்பி, கண் மூடல், பென் டிரைவ், பச்சை அருவி. எல்லாம் முறைப்படி நடந்தது.

"நானூத்திப் பன்னெண்டு அப்டேட்," என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இப்பத்தான் சுடச்சுட இறங்கிச்சு."

கைதட்டல். நானும்தான்.

"எது வழியா இறங்கிச்சு?" சர்வருக்குப் பின்னாலிருந்து ரோக்ஸான் வந்தாள். கையில் நீல வயரின் முனை தொங்கியது. "நீ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பிடுங்கிட்டேனே!"

வெண்டெல் செம்புக் கம்பியைப் பார்த்தார். அது உதவிக்கு வரவில்லை.

"அது... காத்து வழியாவும் வரும்மா."

லைல் வாயில் கேக்கோடு சொன்னான்: "இந்த மெஷின்ல வயர்லெஸ்ஸே கிடையாதே!"

"இங்க நம்பிக்கை இல்லாதவங்க யாரோ..."

"நான்தான்யா! இதோ கையத் தூக்கிட்டேன். அப்படியும் உன் படம் நிக்காம ஓடிச்சே, அது எப்படி?"

லைல் அவரை ஒதுக்கிவிட்டு ஒரு வரி தட்டினான். என்ன பதிப்பு ஓடுகிறது என்று எந்திரத்தையே கேட்டான். ஐந்தரை வருஷத்துக்கு முந்தையது என்று அது ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. பென் டிரைவைத் திறந்தால் உள்ளே பச்சை எழுத்து கொட்டும் ஒரே ஒரு வீடியோப் பதிவு. நானூற்றுப் பன்னிரண்டும் அதில்தான் ஓடின, ஒவ்வொரு மூன்று மாதமும். நிமிர்ந்து பார்த்தபோது வெண்டெலின் கார் பனியில் வழுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

"சரி, இத எப்படித்தான் ஒழுங்கா அப்டேட் பண்றது?" என்றாள் ரோக்ஸான்.

"முழுசா ஒரு நகல் எடுக்கணும். ஸ்பேர் சர்வர்ல முதல்ல அப்டேட்டப் போட்டு, அணைச்சுத் திருப்பிப் போட்டுப் பாக்கணும். கால் எல்லாத்தையும் அதுக்கு மாத்திட்டு அப்புறம் இதத் தொடணும். கெட்டுப்போனா நகல் இருக்கு."

"இவ்வளவு தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

லைல் தலை குனிந்தான். "திரும்ப எழுந்திருக்கலன்னா என் வேலை போயிடும்னு பயம், ரோக்ஸி. அதோட அந்தப் பலகை... பூஜ்யமாயிடுமே."

"அந்தக் கிழவர்கிட்ட போய்ச் சொல்லு, பலகையப் பத்தி."

ஸ்பேர் சர்வர் காபி எந்திரத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் துடைத்தார்கள். நீல வயரை மறுபடி செருகிவிட்டு, சொன்ன வரிசையிலேயே லைல் ஒவ்வொன்றாகச் செய்தான். கடைசியில் பழைய எந்திரத்தின் திரை கறுத்தது. பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். நாலு நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தது. இடையில் வந்த இரண்டு அழைப்பும் ஸ்பேருக்குப் போயின. ஒன்றுகூடத் தவறவில்லை.

பலகையை நானே கழற்றினேன். செம்புக் கம்பியை மட்டும் யாரோ, எதற்கும் இருக்கட்டும் என்று, சர்வர் மேலேயே விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஒரு வயரைப் பிடுங்கிப் பார்க்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், ஒரு கை போதும். என் இரண்டு கையும் ஐந்தரை வருஷமாகத் தட்டிக்கொண்டிருந்தன. உங்கள் கை இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது?