சிறப்புக் கல்வி பெற்ற அலுவலகம்

காது கேளாத குழந்தை படிக்கும் பள்ளிக்குச் சைகை மொழி ஆசிரியர் ஒருவரை அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அனுப்ப முடியாது என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. இந்த விஷயத்தில் சிறப்புக் கல்வி அலுவலகம் பெருந்தன்மையின் உறைவிடம். கேட்டு வருகிறவர்களை உட்காரச் சொல்லும். நாற்காலி இல்லையென்றால் அது வேறு துறையின் பொறுப்பு.

கதவுதட்டி அக்காவுக்கு இதெல்லாம் அத்துப்படி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறிய தன் மகனுக்குத் தனி ஆசிரியர் வாங்குவதற்குள் அந்த அலுவலகத்தில் அவர் தட்டாத கதவில்லை. கடைசியில் கழிப்பறைக் கதவைத் தட்டி, உள்ளே மாட்டிக்கொண்ட மேலாளரிடம் அங்கேயே சம்மதம் வாங்கினார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதன் பிறகு கண்ணாடி வாங்க வருகிற பெற்றோரைவிட ஆசிரியர் வாங்கித் தரச் சொல்லி வருகிற பெற்றோர்தான் அதிகம்.

அப்படித்தான் ஒரு பெயிண்டர் வந்தார். கூடவே எட்டு வயது மகள் குருவி. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது.

"அக்கா, கிளாஸ்ல சும்மா உட்கார வச்சிருக்காங்க. டீச்சர் பண்றதையெல்லாம் பாத்துட்டு வந்து வீட்டுல நடிச்சுக் காட்டுறா. நேத்து என்ன பாடம்னு ஜாடையில கேட்டேன். டீச்சருக்குப் பல்வலின்னு காட்டுறா."

அக்கா கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினார்.

அலுவலகத்தில், ஆசிரியர் கேட்கும் பிள்ளைகளின் தகுதியைச் சோதிக்கும் நேர்காணல் அதிகாரி ஒலிபெருக்கியில் சிறுமியின் பெயரைக் கூப்பிட்டார். குருவி ஜன்னலுக்கு வெளியே ஒரு பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டார். பெயிண்டர் எழுந்தார்.

"நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க?"

"என் பொண்ணு சார். அவளுக்குக் காது கேக்காது."

"அதை நாங்கதானே முடிவு பண்ணணும்? கூப்பிட்டா வரணும். வரலைன்னா ஆப்சென்ட்."

"வந்துட்டா?" என்றார் அக்கா.

"வந்துட்டா காது கேக்குதுன்னு அர்த்தம். அப்புறம் எதுக்கு டீச்சர்?"

அதிகாரி கெட்டவர் அல்லர். குருவியின் கன்னத்தைத் தட்டி, "தங்கமான புள்ளை" என்று கொஞ்சிவிட்டுத்தான் ஆப்சென்ட் போட்டார்.

அக்கா நேராக மேலாளர் அறைக்குப் போனார். மேலாளர் 'கனிவான நிர்வாகம்' என்ற பயிற்சியை முடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அந்தச் சமயம் எல்லா அலுவலகங்களிலும் அதுதான் மோஸ்தர். 'குறை' என்ற சொல் நீக்கப்பட்டிருந்தது. காது கேளாமைக்கு இனி 'மௌனத் தனித்துவம்' என்று பெயர்.

"ஒரு தனித்துவத்தைத் திருத்த நாம யாரும்மா?" என்று மேலாளர் கண் கலங்கினார்.

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், காது கேக்கலைன்னா என்ன? கூப்பிட்டா பதில் வராது. அவ்வளவுதானே? என் பையன் காலத்துலேருந்து நானும் கூப்பிட்டுட்டே இருக்கேன். எல்லாரும் கண்ணு முன்னாடி கல்லு மாதிரி உட்காந்திருக்கீங்க. முதல்ல இந்த ஆபீஸுக்குத்தான் டீச்சர் போடணும்!"

திட்டிவிட்டுத் திரும்பிய அக்கா, பின்னால் மேலாளரின் குரலைக் கேட்டு நின்றார்.

"அம்மா... என்ன ஒரு பார்வை!"

அலுவலகம் தனக்குத் தானே விண்ணப்பித்தது. தன்னைத் தானே நேர்காணல் செய்தது. மேலாளர் ஒலிபெருக்கியில் அலுவலகத்தைக் கூப்பிட்டார். ஒரு தலையும் நிமிரவில்லை. ஆப்சென்ட் போடலாமென்றால், சம்பளக் கணக்குப்படி அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஆகவே தகுதி ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று. மறுவாரமே சைகை மொழி ஆசிரியை வந்து சேர்ந்தார், அலுவலகத்துக்கு.

"அக்கா, என் பொண்ணுக்குக் கேக்கப் போயி..." என்று பெயிண்டர் இழுத்தார்.

"டீச்சர் எங்கேயோ அங்கேதான்யா ஸ்கூல். நாளைக்கே கூட்டிட்டு வா."

குருவி முன்வரிசையில், நேர்காணல் அதிகாரிக்கும் தட்டச்சருக்கும் நடுவே உட்கார்ந்தாள். முதல் நாள் ஆசிரியை கையாலேயே அவள் பெயரைக் கேட்டார். குருவி இரண்டு விரலைக் குவித்து மூக்கருகே வைத்து, அலகாக்கிக் கொத்திக் காட்டினாள். வாசலில் நின்ற பெயிண்டர் சுண்ணாம்புக் கையோடு கண்ணைத் துடைத்து, கூடுதலாக அழுதார்.

குருவி பறந்தாள். அலுவலகம் தவழ்ந்தது. நேர்காணல் அதிகாரி 'விடுப்பு' என்று காட்டுவதாக நினைத்து 'எருமை' என்று காட்டினார். மேலாளரும் அதை அனுமதித்தார். குருவி அதிகாரியின் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக மடக்கித் திருத்துவாள். பரீட்சையில் அவர் அவளைப் பார்த்துத்தான் காப்பியடித்தார்.

செய்தி பரவியது. மின்சார அலுவலகம், வரி அலுவலகம் எல்லாம் விண்ணப்பித்தன. குடிநீர் வாரியம் நேர்காணல் இல்லாமலே தேர்வானது. கேளாத அலுவலகம் என்று சட்டையில் வில்லை குத்திக்கொள்வது கௌரவமாயிற்று. புதிதாகப் பயிற்சி முடித்த சைகை மொழி ஆசிரியர்கள் அத்தனை பேரும் அலுவலகங்களுக்கே போய்ச் சேர்ந்தார்கள். பள்ளிகளுக்கு மிஞ்சியது ஒரு பாராட்டுச் சுற்றறிக்கை.

இதற்குள் வேறு சில பெற்றோரும் அக்கா சொன்னபடி பிள்ளைகளோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார்கள். நெரிசலைக் கருணையோடு பரிசீலித்த மேலாளர், ஆண்டு விழாவுக்குப் பிறகு அலுவலர் அல்லாதோர் வகுப்பில் அமரலாகாது என்று உத்தரவிட்டார். "விழாவுக்கு முன்னாடியே நிறுத்தினா மனசு கஷ்டப்படுமேன்னு பாத்தேம்மா" என்று அக்காவிடம் விளக்கமும் தந்தார். அக்கா அன்றைக்கு அவர் கதவை உடைக்காதது ஒன்றுதான் பாக்கி. உத்தரவு அசையவில்லை.

விழாவில் சிறந்த மாணவி என்று குருவியை மேடையேற்றினார்கள். நன்றி சொல்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அரங்கத்தைப் பார்த்து, கைகளை நிதானமாக அசைத்தாள்.

'நாளையிலிருந்து நான் இங்கே வரக் கூடாதாம். எங்கள் பள்ளிக்கு எப்போது டீச்சர் வருவார்?'

அலுவலகம் முழுவதற்கும் புரிந்தது. அதன் வரலாற்றிலேயே ஒரு குழந்தை கேட்டது ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும் புரிந்தது அதுதான் முதல் தடவை. நேர்காணல் அதிகாரி பக்கத்தில் இருந்தவருக்கு ஒரு பிழையில்லாமல் மொழிபெயர்த்தார். மேலாளர் தழுதழுத்தார். "என்ன தெளிவு! என்ன கை!"

காது கேளாதவர்கள் கைதட்டுகிற முறைப்படி, அரங்கமே இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டியது. பெயிண்டருக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்காலி மேலேறி ஆட்டினார். எத்தனை அழகாகக் கேட்டுவிட்டாள் என்று பூரித்துப்போன அக்கா அண்ணாந்து பார்த்தார். தன் கைகளும் மேலேதான் இருந்தன.

மேடையில் குருவி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். எந்தக் கையாவது பதில் சொல்லும் என்று.