ஒரு சாண் பிசிறு

செவ்வாய்க்கிழமை காலையில் மாதையன் ஒரு சபதம் செய்தார். இட்லி தின்ற கை காய்வதற்குள் செய்த சபதம்.

"நாலு தறிக்கு மொதலாளி நான். இது நெசவுக் கை. இந்தக் கை போயிக் கம்பளி நூலைத் தொடுமா? தொட்டா, அன்னைக்கே நான் மீசையை எடுத்தர்றேன்."

எதிரே அவர் மனைவி வசந்தாமணி பின்னிக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு முன்கைகளிலும் மாம்பழ மஞ்சளில் கட்டைவிரல் தண்டிக்கு நூல் மாட்டியிருந்தது. ஊசி கிடையாது, கொக்கி கிடையாது. வளையல் அடுக்கின மாதிரி ஒரு கையில் கண்ணிகளை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டே பின்ன வேண்டும். பின்னி முடித்தால் சோபாவில் வைக்க ஒரு அலங்காரத் தலகாணி வரும். பக்கத்து வீட்டு ரபியா கற்றுக்கொடுத்த வித்தை. ரபியாவின் வீட்டுக்காரர் நசுருல்லாவுக்கு ஆட்டையாம்பட்டி கடைவீதியில் நூல் கடை.

சபதத்துக்குக் காரணம், வசந்தாமணி கேட்ட ஒரே ஒரு கேள்விதான்.

"ஏனுங்க, கை கடுக்குதுங்க. ஞாயித்துக்கெழமை மதன் ஊட்டு விசேசம். நாலு வரிசை நீங்களும் போட்டுக் குடுத்தா என்னங்க?"

மதன் அவளுடைய தம்பி. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் புது வீடு கட்டியிருந்தான். அக்கா சீர்த்தட்டோடு போகாமல் புதுமனை புகுவிழா நடக்குமா? குத்துவிளக்கு ரெண்டு, பித்தளைக் குடம் ரெண்டு, பட்டுக்கரை போட்ட போர்வை ரெண்டு, வெள்ளிக் கிண்ணம் ரெண்டு என்று அவள் ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே வைக்கத்தான் இந்தத் தலகாணி.

சனிக்கிழமை காலையில் அவள் பூவும் பழமும் வாங்கச் சேலத்துக்குப் புறப்பட்டாள். வாசல்படி இறங்கியவள் திரும்பி வந்தாள்.

"ஏனுங்க, தலகாணி சேர்ல இருக்குது. தொட்டுராதீங்க."

"அதைத் தொடறதுதான் எனக்குப் பொழப்பா?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாரேன்."

"வா, வா."

தலகாணி இருந்தது அவர் பேப்பர் படிக்கும் நாற்காலியில். வேறு இடமே கிடைக்கவில்லையா என்று முனகிக்கொண்டே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பேப்பரைப் பிரித்தார். முதல் பக்கத்தைப் பாதி படித்திருப்பார். கண் போய்விட்டது.

தலகாணியின் மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு நூல் தொங்கியது.

மாதையனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தறியிலிருந்து இறங்கும் துணியைக் கண்ணால் பார்த்து, தொங்குகிற பிசிறையெல்லாம் வெட்டி எடுப்பது முப்பது வருடமாக அவர் வேலை. சட்டைப் பையில் பேனா இருக்காது, ஆனால் விரல் நீளக் கத்தரி எப்போதும் இருக்கும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் காலரில் பிசிறு தெரிந்தால், வெட்டிவிட்டுத்தான் "மன்னிச்சுக்கோங்க" என்பார். சொந்தக் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் முந்தானைப் பிசிறைப் பிடித்து இழுத்தவர். போட்டோ இருக்கிறது.

பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார். பேப்பருக்குக் கீழே பிசிறு தெரிந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டார். முதுகு அரித்தது.

'தொடாதீங்கன்னு தலகாணியைத்தானே சொன்னா. பிசிறைச் சொல்லலையே.'

கத்தரி தானாகப் பையிலிருந்து வந்தது. சடக். வெட்டிய இடத்தில் இன்னும் ஒரு விரல்கடை நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் உருவிவிட்டால் சுத்தமாகிவிடும். இழுத்தார்.

நெய்த துணியில் ஒரு நூலை இழுத்தால் ஒரு நூல்தான் வரும். பின்னலின் கதை வேறு என்று மாதையனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு கண்ணி அவிழ்ந்தது. அது பக்கத்துக் கண்ணியைக் கூப்பிட்டது. அது அதற்கடுத்ததைக் கூப்பிட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். அவர் பதறிப்போய், எங்கே முடிகிறது என்று பார்க்க இன்னும் இழுத்தார். கடைசியில், உள்ளே இருந்த வெள்ளைப் பஞ்சுத் தலகாணி அம்மணமாக நாற்காலியில் கிடந்தது. மடி நிறைய மஞ்சள் நூல், இடியாப்பம் மாதிரி.

மாதையனுக்கு வேர்த்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் வசந்தாமணியின் அக்கா வீட்டுச் சடங்குக்குப் போகிற வழியில், டீ குடிக்க இறங்கிய இடத்தில் ஒரு சீர்த்தட்டை மறந்து வைத்துவிட்டு வந்தவர் அவர். அவள் திட்டவில்லை. அழவில்லை. நாற்பத்தொரு நாள் பேசவில்லை. சோறு வரும், குழம்பு வரும், குரல் வராது. தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு அமைதி ஆகாது. சத்தம் நின்றால் எங்கோ நூல் அறுந்திருக்கிறது என்றுதான் அவருக்குப் பொருள். நாற்பத்தொரு நாளும் எது அறுந்ததோ என்று தேடிக்கொண்டே இருந்தார். இருபதாவது நாளுக்குமேல் தறிப்பட்டறையிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டார், நாலு தறியையும் ஓடவிட்டு.

இந்த முறை எத்தனை நாளோ?

பூனை மேல் பழி போடலாமா என்று யோசித்தார். அந்தத் தெருவில் பூனை இல்லை. திருடன் வந்தான் என்று சொல்லலாம். வந்த திருடன் தலகாணியைப் பிரித்துப் போட்டுவிட்டா போவான்? மணி ஒன்பதே முக்கால். அஞ்சு மணிக்கு இன்னும் ஏழேகால் மணி நேரம்.

'நாலு தறிக்கு மொதலாளி நான். பொம்பளைங்க பின்னறதை நான் பின்ன முடியாதா?'

கதவைத் தாழிட்டார். போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்து, சொம்பில் சாய்த்து வைத்தார். அதிலிருந்த பெண் சிரித்துக்கொண்டே பின்னினாள். மாதையன் சிரிக்கவில்லை. முதல் வரிசையில் கண்ணி பதினான்கு. இரண்டாம் வரிசையில் பதினொன்று. காணாமல் போன மூன்றையும் தேடிக் குனிந்தபோது நூல் கழுத்தைச் சுற்றியது. மூன்றாம் வரிசையின் நடுவில் இரண்டு கையும் மாட்டிக்கொண்டன. வலது கையை இழுத்தால் இடது கை இறுகியது. இடது கையை இழுத்தால் மூச்சு இறுகியது.

அப்போது காலிங் பெல் அடித்தது.

மாதையன் மாட்டிய கையோடே கதவருகே போய் நின்றார்.

"அண்ணே! அண்ணே, நான் ரபியா!"

"அக்கா ஊட்ல இல்ல அம்மிணி, சேலம் போயிருக்குது!"

"தெரியும்ணே. எங்க தாம்பாளம் ஒண்ணு இங்க இருக்கு. கதவைத் தொறங்க."

"தொறக்க முடியாது."

"ஏண்ணே, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது."

"அப்ப ஏன் தொறக்க முடியாது? இருங்க, பயமாயிருக்கு, எங்க ஊட்டுக்காரரைக் கூட்டிட்டு வாரேன். தெருவுல நாலு பேரையும் கூப்புடறேன்."

மாதையன் தாழ்ப்பாளைத் தாடையால் தள்ளித் திறந்தார்.

ரபியா பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். முக்காட்டின் நுனி குலுங்கியது.

"யா அல்லா! யாருண்ணே உங்களைக் கட்டிப் போட்டது?"

"சிரிக்காதே அம்மிணி. நான் இன்னைக்கே செத்துப் போயிருவேன்." நடந்ததையெல்லாம் கொட்டினார். கத்தரி சட்டைப் பையில் இருந்தது. இந்தக் கோலத்தில் அதைத்தான் எடுக்க முடியவில்லை. "அவகிட்ட மட்டும் சொல்லீராத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் ஏண்ணே சொல்றேன்? சத்தியமா அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"நீயே பின்னிக் குடுத்துரு சாமி."

"முடியாதுண்ணே. எங்க மக தஸ்னீம் கல்யாணம் அடுத்த மாசம். ஊட்ல தலைக்கு மேல வேலை. நான் சொல்லித் தாரேன், நீங்க போடுங்க. பக்கத்துல பாத்துக்கிட்டிருக்கேன்."

எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

"எண்ணுங்கண்ணே."

"எண்ணிட்டுத்தான் இருக்கேன்."

"வாய் விட்டு எண்ணுங்க. தறியில இழை எண்ண மாட்டீங்களா?"

"தறியில ஒரு இழை தப்புனா நாப்பத்தொரு நாள் ஒருத்தரும் பேசாம இருக்க மாட்டாங்க அம்மிணி."

"இறுக்காதீங்க, இது தறிப் பாவு இல்ல. லூசா விடுங்க. ஆங்... அப்படித்தான். வருதே!"

வந்தது. ஆறாவது வரிசையில் அவருக்கே தெரிந்தது. கண்ணிகள் அளவெடுத்த மாதிரி விழுந்தன. ஆனால் பயம் குறையவில்லை. கை வேகமாக, மணி அதைவிட வேகமாக ஓடியது.

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. திரையில் 'வசந்தாமணி'. இரண்டு கையும் பின்னலுக்குள். ரபியா போனை எடுத்து அவர் காதில் வைத்துப் பிடித்தாள், தான் மூச்சுவிடாமல்.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"சும்மா இருக்கற குரலா இது? மூச்சு வாங்குது."

"தறி... தறிப்பட்டறைக்கு ஓடிட்டு வந்தேன்."

"தறிச் சத்தம் கேக்கலையே."

"கரண்ட்டு இல்ல."

"ஃபேன் சத்தம் கேக்குதே?"

மாதையன் மேலே பார்த்தார். மின்விசிறி துரோகி மாதிரிச் சுற்றியது.

"இப்பத்தான் வந்துச்சு!"

"சரிங்க. சோறு ஆக்கி வெச்சிருக்கேன், போட்டுச் சாப்புடுங்க."

எப்படிச் சாப்பிடுவது? வரிசை நடுவில் கையை உருவினால் எல்லாம் போச்சு. ரபியா ஒரு டம்ளர் மோரை மேசை ஓரத்தில் வைத்து, அதில் குழாய் போட்டுவிட்டு, "குனிஞ்சு குடிங்கண்ணே" என்றாள். நாலு தறி முதலாளி கன்றுக்குட்டி மாதிரி குனிந்து குடித்தார்.

நாலே முக்காலுக்குப் பின்னல் முடிந்தது. பஞ்சுத் தலகாணிமேல் சுற்றி, ரபியா காட்டியபடி கோத்து மூடினார். ரபியா மூலையில் ஒரு சாண் நூலைத் தொங்கவிட்டாள்.

"இதை ஏன் உட்டே?"

"காலையில இருந்த மாதிரியே இருக்கணுமில்லண்ணே? கத்தரியைக் குடுங்க இங்க. நாளைக்குத் தாரேன்."

அஞ்சு மணிக்கு வசந்தாமணி வந்தாள். பூக்கூடையை வைத்தாள். நேராக நாற்காலிக்குப் போனாள். தலகாணியைத் தூக்கினாள். திருப்பினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். மாதையன் பேப்பருக்குப் பின்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

"தொடலையே?"

"தொடவே இல்ல."

"சரிங்க."

அவ்வளவுதான். சீர்ப் பைக்குள் வைத்துவிட்டாள். அன்று இரவு மாதையன் சோற்றை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். தப்பித்தோம் என்ற நிம்மதி பாதி. மிச்சப் பாதியை வெளியே சொல்ல முடியாது. அவள் பின்னியதைவிடத் தன் கண்ணி நேராக இருக்கிறது என்ற கர்வம் அது.

ஞாயிற்றுக்கிழமை ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் கூட்டம். சாமி கும்பிட்டானதும் வசந்தாமணி சீர்த்தட்டுகளைப் பரப்பினாள். குத்துவிளக்கு ரெண்டு. குடம் ரெண்டு. போர்வை ரெண்டு. கிண்ணம் ரெண்டு.

தலகாணி ரெண்டு.

மாதையன் கண்ணைக் கசக்கிப் பார்த்தார். ரெண்டுதான். மாம்பழ மஞ்சள். ஒன்று அவருடையது, கண்ணி நேராக. இன்னொன்று?

மதனின் மனைவி பிரவீனா இரண்டையும் சோபாவின் இரண்டு மூலையிலும் வைத்து, கையைத் தட்டினாள். "அண்ணி! ஜோடியா எவ்வளவு அழகு! எப்படி ரெண்டு போட நேரம் கெடச்சுது?"

"உங்கண்ணன் கூடமாட ஒத்தாசை" என்றாள் வசந்தாமணி.

மாதையன் அவளைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏம் புள்ள, ரெண்டு எப்படி வந்துச்சு?"

"புருசன் பொண்டாட்டி இருக்கற ஊட்டுக்கு ஒத்தைத் தலகாணி வெப்பாங்களா? ஜோடி வேணுமில்லங்க? ஒண்ணு நான் வியாழக்கெழமையே முடிச்சுப் பீரோவுல வெச்சுட்டேன்."

"அப்ப நான் பிரிச்சது...?"

"அது நான் கத்துக்கறப்பப் போட்டது. கோணல்மாணலா வந்துருச்சு. பிரிச்சுத் திரும்பப் போட ஆளில்லையேன்னு கெடந்தேன்."

மாதையன் குரலைத் தாழ்த்தினார். "எல்லாத்தையும் ரபியா சொல்லிருச்சா? சத்தியம் பண்ணுச்சே!"

"அவளைக் குத்தம் சொல்லாதீங்க. அவ என்கிட்ட ஒண்ணுமே சொல்லல. நாந்தான் அவகிட்டச் சொன்னேன். பத்தரை மணிக்குப் போ, அதுக்குள்ள வெட்டியிருப்பாருன்னு."

"ஒரு மனுசனை இப்படிப் போட்டு... நேத்து முழுக்க எனக்கு உசுரே இல்ல தெரியுமா? வேணும்னா நேரா என்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல?"

"செவ்வாக்கெழமை நேராத்தானுங்க கேட்டேன்."

மாதையன் மீசையைத் தடவிக்கொண்டார். அவள் அந்த மீசையையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பெரிய மனது பண்ணி, பந்தி பரிமாறப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் அவர் பேப்பரோடு வந்தபோது, நாற்காலியில் கிளிப்பச்சை நிறத்தில் கோணலாக ஒரு தலகாணி இருந்தது. மூலையில் ஒரு சாண் நூல் தொங்கியது. அடுத்த மாதம் தஸ்னீம் கல்யாணம். அதற்கும் ஜோடி வேண்டும். மாதையனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இனி ஏமாறுகிற ஆள் அவர் இல்லை. சட்டைப் பையிலிருந்து கத்தரியை எடுத்தார். பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைக் கூரை ஓட்டின் மேல் வீசினார். வெற்றியோடு வந்து உட்கார்ந்து காபியைக் கையில் எடுத்தார்.

காபி ஆறுவதற்குள் பிசிறைப் பல்லால் கடித்துவிட்டார்.