சந்தனம் பூசிய சுத்தியல்

ஒரு பொருளைப் பற்றி எல்லாம் தெரிந்தவரின் கையில் அந்தப் பொருளைக் கொடுக்கக் கூடாது. என்னை வைத்தே சொல்கிறேன்.

பலெர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு டச்சுக்காரர் படகு எஞ்சின் திருத்தும் பட்டறை வைத்திருந்தார். தொழில்நுட்பப் படிப்பு முடித்த எனக்கு அங்கே ஒரு நாள் சோதனை வேலை. தேறினால் ஒப்பந்தம். ஒப்பந்தம் இருந்தால்தான் என் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கலாம். சுத்தியலை நானே கொண்டுவர வேண்டுமாம்.

அவரை அசத்துவதற்காக அவருடைய மொழியில் சுத்தியலுக்கு என்ன சொல் என்று தேடினேன். ‘ஹாமர்’. அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை வேலை! ஒன்று, கருவி. இரண்டு, கூட்டத் தலைவர் மேசையில் தட்டும் கட்டை. மூன்று, ஏலத்தை முடிக்கும் கட்டை. நான்கு, பியானோக் கம்பியை அடிக்கும் துண்டு. ஐந்து, காதுக்குள் இருக்கும் குட்டி எலும்பு. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். (ஓர் ஆணிகூட அடித்துப் பழகவில்லை. அது பட்டியலில் இல்லையே.)

சோதனைக்கு முதல் நாள் சரஸ்வதி பூசை. பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் அம்மா சுத்தியலை வைத்து, பிடி முழுக்கச் சந்தனம் அப்பியிருந்தார். காலையில் துடைக்கப் போனேன்.

“துடையாதை பிள்ளை, சாமிக்கு வைச்சது. அப்பிடியே கொண்டு போ.”

“வழுக்குமம்மா.”

“போறதுக்கிடையிலை காய்ஞ்சிடும். வாய் காட்டாமல் போ.”

காயவில்லை. காற்றே படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பலெர்மோவிலிருந்து ரயிலில் கொண்டுபோனது நான்தான்.

பட்டறையில் ஐந்து பொருளையும் ஒப்பித்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு, எஞ்சினில் இறுகிக் கிடந்த ஓர் இரும்பு முளையைக் காட்டி அடித்துக் கழற்றச் சொன்னார். ஓங்கினேன். சுத்தியல் பின்னால் பறந்து, அவருடைய ஐந்தாம் பொருளை மயிரிழையில் தவறவிட்டு, ஒரு வாடிக்கையாளரின் படகுக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் விழுந்தது.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். என் மஞ்சள் உள்ளங்கையைப் பார்த்தார். நான் நிதானமாக, மூன்று தலைப்புகளில், பூசையை விளக்கினேன்.

பட்டியல் உனக்கு நன்றாக வருகிறது, இனி எதையும் அடிக்காதே என்றார்.

இன்று அங்கே சாமான் அறை என் பொறுப்பு. எல்லாருக்கும் சுத்தியல் எடுத்துக் கொடுப்பேன். எனக்குத் தொட்டு அடிக்க அனுமதியில்லை. வீட்டில் நான் அகப்பையைத் தூக்கினாலே அப்பா காதைப் பொத்திக்கொண்டு குனிகிறார். அம்மாவுக்கு மட்டும் துளி வெட்கமில்லை.

“சந்தனத்தாலைதானே வேலை கிடைச்சது. இந்த முறை பூசைக்கு அங்கை இருக்கிற எல்லாச் சுத்தியலையும் கொண்டு வாவன்.”