சாவிப் பதிவேடும் கன்ட்ரோல் இசட் வாத்தியாரும்

குமரி மாவட்டத்தில் கம்ப்யூட்டரைக் கண்டு பயப்படாத ஒரே வாத்தியார் ‘கன்ட்ரோல் இசட்’தான். மற்றவர்கள் அதற்கு உறை போட்டு, அறையைப் பூட்டி, ஆயுத பூஜைக்கு மட்டும் திறந்து சந்தனம் வைத்தார்கள்.

கருங்கல் பக்கத்துப் பள்ளியொன்றில் அவர் தற்காலிக ஆசிரியர். நான் கல்வி அலுவலகக் கண்காணிப்பாளர். ஆண்டுதோறும் அங்கே ஆய்வுக்குப் போனவன். அவர் வருமுன் அங்கு நடந்த கம்ப்யூட்டர் கல்வியை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆறாம் வகுப்பில் மானிட்டர் படம் வரைய வேண்டும். ஏழில் அதற்கு வண்ணம். எட்டில் பாகங்களைக் குறிக்க வேண்டும். ஒன்பதில் ஒப்பிக்க வேண்டும். பத்தில் பொதுத்தேர்வு என்பதால் படமும் கிடையாது.

இவர் வந்தார், பூட்டைத் திறந்தார். ஆறாம் வகுப்பிடம், “எதையாவது கெடு மக்கா. கன்ட்ரோல் இசட் அடிச்சா பழையபடி வந்திரும்” என்றார். பயம் போனவர்களுக்கு ஏழில் தமிழ்த் தட்டச்சு. எட்டில் அட்டவணை. ஒன்பதில், அட்டவணைக்குள் ஒளிந்திருக்கும் பொய்யைப் பிடிப்பது.

மனிதருக்கு இது வியாதியாகவே இருந்தது. கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு முன்பே ரசம் விழுந்தது. “கன்ட்ரோல் இசட் போடும்வே” என்றார். “இலையில ஊத்தினது வாளிக்குப் போவாது அண்ணாச்சி. சாப்பிட்டுட்டு எந்திரியும்” என்றான் பரிமாறியவன்.

அவர் வந்தபின் ஓர் ஆண்டு ஆய்வுக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு தாளை நீட்டினாள். கம்ப்யூட்டர் அறையின் சாவிப் பதிவேட்டை அட்டவணையாக்கியிருந்தார்கள். வாத்தியார் வருமுன் ஆயுத பூஜைக்கும் ஆய்வுக்கும் தவிர சாவி வெளியே போனதே இல்லை.

“சார், பழைய அறிக்கையில எல்லாம் ‘தினமும் பயன்பாட்டில் உள்ளது’ன்னு டிக் போட்டிருக்கிய. நாங்க எங்க அட்டவணையத் திருத்தணுமா, நீங்க ஒங்க டிக்கத் திருத்துவியளா?”

தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மறுவாரமே தலைமையாசிரியரிடமிருந்து எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது: ஒரு கீபோர்டில் பொத்தான் உடைந்திருக்கிறது, அரசுச் சொத்துக்குச் சேதம். நிரந்தர ஆசிரியரென்றால் மெமோ, விளக்கம், விசாரணை எல்லாம் வேண்டும். தற்காலிகத்துக்கு ஒற்றை வரி போதும்: ‘பணி நீட்டிப்பு தேவையில்லை.’ விதியில் ஓட்டையே இல்லாத அயோக்கியத்தனம். அந்த வரியைக் கம்ப்யூட்டரில் அடித்தவன் நான்.

பாதி அடித்திருந்தபோது வாத்தியாரே அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

“சார், ஒம்பதாம் கிளாஸ்ல பாடம் பாதியில நிக்கி. முழுப்பரீட்சை வரைக்கும் இருந்துட்டுப் போட்டுமா?”

“விதியில் இடமில்லை” என்றேன். விரல் எங்கோ பட்டது. திரை வெறுமையானது. உத்தரவு மொத்தமும் மாயம், எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சும்மா நின்றிருந்தால் போதும், அன்றைக்குத் தப்பியிருப்பார்.

குனிந்து இரண்டு பொத்தான்களை அழுத்தினார். அவரை வீட்டுக்கு அனுப்பும் வரி அப்படியே திரும்பி வந்தது.

“பயப்படாதிய சார். ஒண்ணும் போவல.”

மீதியையும் அடித்து, அச்செடுத்து, சுருக்கொப்பமிட்டு, அதிகாரிக்கு அனுப்பினேன். அந்தப் பள்ளியில் மறுபடி மானிட்டர் வரைகிறார்கள்.

இதை வீட்டில் நானே தட்டச்சு செய்கிறேன். தவறினால் அந்த இரண்டு பொத்தான்களை அழுத்திவிட்டு, பின்னாலிருந்து ‘ஒண்ணும் போவல சார்’ என்று கேட்குமா என்று கொஞ்ச நேரம் பார்க்கிறேன்.